கத்தியும் கொப்பியும்: சிறிய கோழி இறைச்சி நிலையம் நடத்துவோருக்கு

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை எம்மில் யாரும் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது. மக்கள் அதே லயங்களில் இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவில் சிக்கியது. வீதிகளும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன.

இப்படி இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று பயிர் செய்யப் போதிய காணி இல்லை. ஆகவே இறைச்சிக் கோழி வளர்ப்பை நாடுகிறார்கள். ஆறு வாரத்தில் கோழி விற்பனைக்குத் தயாராகிவிடும். அதை உயிருடன் விற்பதைவிட, மூன்று நான்கு குடும்பங்கள் கூடி, அறுத்துச் சுத்தம் செய்து விற்றால் கையில் மிஞ்சுவது கூடும். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர்கள் இரண்டாம் முறை இழக்க முடியாது. ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குக் கொடுத்த இறைச்சியால் பத்துப் பேருக்கு வயிற்றோட்டம் வந்தால், அந்த நிலையம் மறுநாள் திறக்காது. ஆபத்து எங்கே நுழையும் என்பதை முன்பே தெரிந்து, யார் என்ன செய்வது என்று தீர்மானித்து வைப்பதே நாம் இங்கு சொல்ல வருவது.

கை பழக வேண்டும்

கோழி அறுக்க எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். வீட்டுக்கு ஒன்று அறுப்பது வேறு. விற்பதற்கு ஐம்பது அறுப்பது வேறு. அறுப்பதற்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் முன்பே தீனியை நிறுத்தி, தண்ணீர் மட்டும் கொடுக்க வேண்டும். குடல் நிறைந்திருந்தால் அது கிழிந்து இறைச்சியில் மலம் படும். நோய்க்கிருமி வரும் முதல் வழி இதுதான். இறகு பிடுங்க முக்கும் தண்ணீர் சுமார் 60 பாகை செல்சியஸ் இருந்தால் போதும். கொதித்தால் தோல் வெந்து கிழியும்.

அறுத்து இறகு பிடுங்கும் இடம் அழுக்கு இடம். குடல் எடுத்து, கழுவி, வெட்டும் இடம் சுத்தமான இடம். இரண்டும் ஒன்றாகக் கூடாது. அழுக்கு இடத்தில் நிற்பவர் கையைக் கழுவி, ஏப்ரனை மாற்றாமல் அடுத்த பக்கம் வரக்கூடாது. சுத்தம் செய்த இறைச்சியை உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு 4 பாகைக்குக் குறைக்க வேண்டும்.

புதிதாக வரும் பிள்ளையை முதல் நாளே கத்தியோடு நிறுத்தாதீர்கள். ஒரு வாரம் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். மழுங்கிய கத்திதான் கையை வெட்டும், ஏனெனில் அதை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஈரத்தரையில் வழுக்காத ரப்பர் சப்பாத்து ஒரு செலவல்ல. சந்தேகங்களுக்குப் பிரதேசத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு ஒளியாமல், கடை திறப்பதற்கு முன்பே அவரை அழைத்து இடத்தைக் காட்டுங்கள். பிரதேச சபையின் அனுமதி பற்றியும் அப்போதே கேட்டு அறியலாம்.

நோயை மறைக்க வைக்காதீர்கள்

வயிற்றோட்டம், காய்ச்சல், கையில் சீழ்ப்புண் உள்ளவர் இறைச்சியைத் தொடக்கூடாது. இதைச் சுவரில் எழுதி ஒட்டுவது எளிது. ஆனால் தோட்டத்தில் அரைப்பெயர் விழுந்த வேதனையை அறிந்தவர்கள் நாம். வேலைக்கு வராவிட்டால் சம்பளம் இல்லை என்றால், நோயாளி நோயை மறைத்துக்கொண்டு வருவார். ஆகவே அன்றைய சம்பளத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதே மலிவான பாதுகாப்பு.

வெளியாள் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தாலும் ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும்: முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் கட்ட வேண்டும். வேலையில் காயப்பட்டால் நட்டஈடு கேட்கும் உரிமை 1934ஆம் ஆண்டிலிருந்தே சட்டத்தில் உண்டு. நேற்றுவரை தொழிலாளியாக இருந்து இன்று முதலாளியான நாம் இதை மறந்துவிடலாகாது.

ஒரு கொப்பி

1993இல் அமெரிக்காவில் சரியாக வேகாத மாட்டிறைச்சியைத் தின்று 700க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு சிறுவர்கள் இறந்தனர். 1996இல் அந்நாடு புதிய விதி கொண்டுவந்தது. ஆபத்து எந்தக் கட்டத்தில் நுழையும் என்பதை ஒவ்வொரு இறைச்சி நிலையமும் முன்பே கண்டு, அந்தக் கட்டத்தை அளந்து எழுதிவைக்க வேண்டும் என்பதே அது. விண்வெளிக்குச் செல்வோரின் உணவுக்காக 1960களில் உருவான முறை இது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் மிகச் சிறிய நிலையங்களுக்கு 2000 ஜனவரி வரை அவகாசம் கிடைத்தது, விலக்குக் கிடைக்கவில்லை.

நமக்கு ஒரு கொப்பியும் ஒரு வெப்பமானியும் போதும். திகதி, அறுத்த கோழிகள், யாரிடம் வாங்கியவை, முக்கிய தண்ணீரின் சூடு, காலையும் மாலையும் பிரீசரின் குளிர், யாருக்கு விற்றோம், யாருக்குக் காயம் என்று தினமும் எழுதுங்கள். ஒரு முறைப்பாடு வந்தால் தவறு எங்கே என்று கொப்பி சொல்லும். தவறு நம்முடையதல்ல என்றாலும் அதுவே சொல்லும்.

முன்பே எடுக்க வேண்டிய முடிவுகள்

மின்வெட்டு: 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் இருக்கவில்லை. நிறைந்த பிரீசரைத் திறக்காமல் வைத்தால் சுமார் 48 மணி நேரம் குளிர் தாங்கும். பாதி நிறைந்திருந்தால் 24 மணி நேரம். ஆகவே, ஓடர் கிடைத்த அளவுக்கே அறுங்கள்.

நோய்: வாடிய கோழியையும் செத்த கோழியையும் ஒருபோதும் விற்பனைக்கு எடுக்காதீர்கள். பல கோழிகள் ஒன்றாகச் செத்தால் அன்றே கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். 2024இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நம் நாட்டுக்குள் வந்தபோது பன்றி வளர்த்தோர் பட்ட நட்டம் நமக்குப் பாடம்.

கழிவு: குடலையும் இறகையும் ஓடையில் போடாதீர்கள். மேல் லயத்து ஓடைதான் கீழ் லயத்துப் பீலி. தண்ணீர் எடுக்கும் இடத்துக்குத் தூரமாக ஆழக் குழிவெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள்.

மண்சரிவு: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள் எச்சரிக்கை விடுத்தால், அன்று புதிய கோழி வாங்குவதை நிறுத்துங்கள். செம்மஞ்சள் என்றால் வேலையை நிறுத்தி, புறப்பட ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் பிரீசரையும் கோழியையும் விட்டு எல்லாரும் வெளியேறுங்கள். யாரும் இறைச்சியைக் காப்பாற்றத் திரும்பி ஓடக்கூடாது. இந்த முடிவை மழைக்கு முன்பே எடுத்து, கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதி, எல்லாரும் கையொப்பமிடுங்கள்.

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பார்கள். இம்மாதக் கூட்டத்தில் இதை வாசித்து, உங்கள் நிலையத்துக் கொப்பியைத் தொடங்குங்கள். மலை சரிவதை நாம் தடுக்க முடியாது. அது சரியும்போது நம்மில் ஒருவரும் அங்கே இல்லாதபடி பார்த்துக்கொள்ள முடியும்.