தண்ணீரைப் படிக்கலாம்

பாலக்காட்டில் பரம்பிக்குளம் காடு இருக்கிறது. இடுக்கியில் மூணாறு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஆனைமலை. இந்த மலைகளில் எத்தனையோ உயிர்கள் வாழ்கின்றன. நேற்று இருந்தவை எல்லாம் இன்றும் இருக்கின்றனவா? எப்படித் தெரிந்துகொள்வது?

யானையைக் கண்ணால் பார்த்து எண்ணலாம். ஊதாத் தவளையை எண்ண முடியுமா? அது மண்ணுக்கு அடியில் வாழ்கிறது. மழை தொடங்கும்போது முட்டையிட மட்டும் சில நாள் வெளியே வரும். அதன் தலைப்பிரட்டைகள் ஓடைப் பாறையில் ஒட்டி வளரும். மலைவாழ் மக்களுக்கு இது பழகிய தவளை. அறிவியல் இதற்குப் பெயர் வைத்தது 2003இல்தான். இடுக்கியில் கிடைத்த தவளையை எஸ்.டி. பிஜுவும் பெல்ஜியம் அறிஞர் ஒருவரும் ஆராய்ந்தார்கள். அதன் நெருங்கிய உறவுத் தவளைகள் எங்கே இருக்கின்றன தெரியுமா? கடல் தாண்டி, சீசெல்சு தீவுகளில்!

இந்த உறவைச் சொன்னது டி.என்.ஏ. எல்லா உயிரின் உடலிலும் நூல் போன்ற இந்தப் பொருள் இருக்கிறது. அதில் நான்கே எழுத்துகள். ஏ, டி, ஜி, சி. எழுத்து மாறி நின்றால் 'நகரம்' 'நரகம்' ஆகிவிடும் அல்லவா? அதுபோல, உயிரினத்துக்கு உயிரினம் இந்த எழுத்து வரிசை மாறுபடும்.

மீனின் செதில், தவளையின் தோல், விலங்கின் சாணம் எல்லாம் நீரில் கலக்கின்றன. அவற்றோடு டி.என்.ஏ.வும் கலக்கிறது. அந்த நீரை எடுத்து மிக நுண்ணிய வடிதாளில் வடிகட்டுகிறார்கள். தாளில் தங்கிய டி.என்.ஏ.வின் எழுத்துகளை இயந்திரம் படிக்கிறது. முன்பே சேர்த்து வைத்த பட்டியலோடு கணினி ஒப்பிடுகிறது. எந்தெந்த உயிர் அங்கே இருக்கிறது என்று தெரிகிறது. ஐதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனம் ஒடிசாவின் சிலிகா ஏரி நீரை இப்படி ஆராய்ந்தது.

இதனால் என்ன பயன்? பெரியாறு ஏரியில் ஆப்பிரிக்கக் கெளுத்தி, திலேப்பியா போன்ற வெளிநாட்டு மீன்கள் புகுந்துவிட்டன. அவை பெருகினால் நம் ஆற்று மீனுக்கு இரையும் இடமும் குறையும். ஆண்டுதோறும் ஒரே இடத்து நீரைப் படித்துவந்தால், புதிதாக வந்தது எது, காணாமல் போனது எது என்று கண்டுபிடிக்கலாம். காலம் கடக்குமுன் காப்பாற்றலாம்.

ஆனால் கணினிக்கு எல்லாம் தெரியாது. பட்டியலில் இல்லாத உயிரின் பெயரை அதனால் சொல்ல முடியாது. எத்தனை இருக்கின்றன என்றும் சரியாகச் சொல்லாது. எந்த ஓடையில், எந்த மழையில், எந்தத் தவளை வரும் என்பதை அறிந்தவர்கள் அங்கே வாழும் மக்கள். ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டியது அவர்களைத்தான்.