கச்சான் காற்றுக் காலம்: திருவிழாவில் கடை போடுவோர் கவனத்துக்கு

மேற்கே மழை கொட்டும் காலத்தில் கிழக்கே வியாபாரம் பிறக்கிறது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் கொழும்பு, காலி, ஹிக்கடுவைக் கடல்கள் கொந்தளிக்கின்றன. அதே காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய கச்சான் காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. அப்போது திருகோணமலைக் கடல் குளம் போல அடங்கிக் கிடக்கும். நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் சனம் இங்கே திரும்பும். இதைத்தான் நாம் "சீசன்" என்கிறோம். ஒக்டோபரில் மழை எட்டிப் பார்க்கும்வரை இந்தச் சீசனை நம்பித்தான் உப்புவெளி முதல் நிலாவெளி வரை எத்தனையோ அடுப்புகள் எரிகின்றன.

இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில், சாம்பல்தீவை அடுத்து, கடலோரமாக இருக்கிறது சல்லி. மீனவக் கிராமம். 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடல்கோளில் இந்தக் கரையோரம் முழுவதும் பட்ட பாடு நமக்குத் தெரியும். சல்லியின் பெயரை வெளியூருக்குக் கொண்டுபோனது கடலைப் பார்த்தபடி நிற்கும் முத்துமாரியம்மன் கோயில். அதன் ஆண்டுப் பொங்கலுக்கு மாவட்டத்தின் பல பக்கங்களிலிருந்தும் மக்கள் திரள்கிறார்கள். கோயில் திருவிழா, கடற்கரையில் இசைக்குழு, பாடசாலை மைதானத்தில் விளையாட்டு விழா, ஹோட்டல் வாசலில் வார இறுதிப் பாட்டு என்று சீசன் முழுவதும் ஏதோ ஓர் இடத்தில் கூட்டம் கூடிக்கொண்டேதான் இருக்கிறது.

கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தின் காசு நமது கல்லாவுக்கு எவ்வளவு வருகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

பஸ்ஸில் வரும் சட்டிபானை

வெள்ளைக்காரப் பயணிகளை மட்டும் எண்ணி நமது வியாபாரிகள் பலர் சீசனைக் கணக்கிடுகிறார்கள். அது ஆபத்தான கணக்கு. 2018இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 23 இலட்சத்துக்கும் மேல். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு அது சரிந்தது. பிறகு கொரோனா வந்து 2021இல் 2 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. 2022இல் எரிபொருள் வரிசை. 2024இல்தான் மறுபடியும் 20 இலட்சத்தைத் தாண்டியது. நமது கையில் இல்லாத காரணங்களால் ஏறி இறங்கும் சந்தை அது.

உள்ளூர்ப் பயணிதான் நிலையான வாடிக்கையாளர். ஏப்ரல் புத்தாண்டு விடுமுறை, ஓகஸ்ட் மாதப் பாடசாலை விடுமுறை, போயாவோடு சேர்ந்து வரும் வார இறுதி நாட்களில் தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் பஸ் பிடித்து வருகிறார்கள். அந்த பஸ்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள். அரிசி, பருப்பு, கருவாடு, விறகு, பெரிய அண்டா எல்லாம் இருக்கும். கடற்கரை மரநிழலில் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

இவர்கள் ஏழைகள் என்பதால் மட்டும் அண்டாவைச் சுமந்து வரவில்லை. இங்கே கடையில் என்ன விலை சொல்வார்கள் என்று தெரியாது. சுத்தம் எப்படி என்று தெரியாது. கிடைப்பதும் அவர்கள் ஊரில் கிடைக்கும் அதே பிரைட் ரைஸ், அதே பெட்டிக் கேக், அதே குளிர்பானம். அதற்காக யார் பையைத் திறப்பார்கள்? இந்த மூன்று காரணங்களையும் நீக்கினால், அடுத்த வருடம் அந்த அண்டா வீட்டிலேயே இருக்கும். திருவிழா வியாபாரத்தின் சூட்சுமம் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

ஊர்ச் சாப்பாடே சரக்கு

காலிமுகத்திடல் என்றதும் நாக்கில் வருவது இறால் வடை. நல்லூர்த் திருவிழா என்றால் கச்சான் கடையும் ஐஸ்கிரீமும். இருபத்தைந்து நாள் திருவிழாவில் கச்சான் விற்றே ஆண்டின் பெரும்பங்கு வருமானத்தைத் தேடிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. திருகோணமலைக் கடற்கரை என்றால் எந்தச் சாப்பாடு? இதற்கு இன்னும் ஒரே பதில் இல்லை. இந்த வெற்றிடம்தான் நமக்கு வாய்ப்பு.

சரக்குக்கா பஞ்சம்? கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து வரும் எருமைத் தயிர் முட்டி, அதற்குக் கித்துள் பாணி. அன்று காலை கரைவலையில் ஏறிய மீனின் ஆணத்தோடு புட்டு. சூடை மீன் பொரியல். கணவாய் பிரட்டல். இடியப்பத்தோடு தேங்காய்ப்பால் சொதி. வீட்டுப் பெண்கள் அவிக்கும் வட்டிலப்பம். கோடையில் காட்டோரங்களில் பழுக்கும் பாலைப்பழம். நுங்கும் இளநீரும். பனம்பழக் காலத்தில் பனங்காய்ப் பணியாரம். இவற்றில் ஒன்றைக்கூட கொழும்புப் பயணி தன் ஊரில் இதே பதத்தில் சாப்பிட முடியாது.

கொத்துரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அது பிறந்தது நமது கிழக்கில்தான் என்று சொல்வோர் பலர். தோசைக்கல்லில் இரண்டு தகடுகள் தாளம் போடும் அந்தச் சத்தம் கேட்டாலே அரைக் கட்டை தூரத்தில் நிற்பவனுக்கும் பசி வந்துவிடும். விளம்பரப் பலகையே தேவையில்லை. இன்று கனடாவின் ஸ்காபரோவில், 2015ஆம் ஆண்டு தொடங்கிய தமிழர் தெருவிழாவில் வீதியை மூடி மேடை போட்டுப் பாடுகிறார்கள்; அங்கேயும் கொத்துரொட்டிக்குச் சனம் வரிசையில் நிற்கிறது. நாம் கைவிட்டு வெறும் பிரைட் ரைஸுக்குப் போன சாப்பாட்டை, கடல் கடந்து போனவர்கள் கொண்டாடி விற்கிறார்கள்.

அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்து இசை விழா இன்னொரு பாடம். 1970இல் முதன்முதலாக அது நடந்தபோது வந்தவர்கள் ஏறத்தாழ 350 பேர். பாட வந்தவர்களின் எண்ணிக்கையே அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. இன்று இலட்சக்கணக்கானோர் போகிறார்கள். பாட்டுக்கு நிகராகச் சாப்பாட்டுக்கும் அங்கே பெயர். காரணம், கடைகளுக்கு இடம் கொடுக்கும்போதே அந்த மாநிலத்துச் சமையலுக்கு முதலிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு கடையும் தனக்கென்று ஓரிரண்டு பண்டம் மட்டும் செய்யும். ஒருவனுடைய பண்டத்தை மற்றவன் போட்டுப் போட்டியைக் கெடுப்பதில்லை. நம்மூரிலோ, ஒருவர் சோளம் அவித்து விற்றால் மறுநாள் பத்துப் பேர் சோளம் அவிக்கிறார்கள். பதினோரு பேருக்கும் நட்டம்.

பாட்டும் பசியும்

இசை விடயத்தில் அவரவர் நிலைப்பாடு அவரவருக்கு. ஆனால் வியாபாரி என்ற முறையில், பாட்டுக்காகக் கூடும் சனத்தின் போக்கை அறிந்து வைத்திருக்க வேண்டும். இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை தலையெடுத்த எழுபதுகளில் திருகோணமலைச் சகோதரர்களான பரமேஷ், கோணேஷ் போன்றோரின் பாட்டுகள் ஊரெங்கும் ஒலித்தன. ஏ. ஈ. மனோகரன் பிரபலமாக்கிய 'சுராங்கனி' பாட்டிலும் மீன்தான் விடயம். கடலும் மீனும் பாட்டும் இந்த நாட்டில் ஒன்றோடொன்று கலந்தவை. அன்றும் இன்றும் கடற்கரை மேடையில் பைலாத் தாளம் தொடங்கினால் கூட்டம் எழுந்து நிற்கும். எழுந்து ஆடுகிறவன் கையில் சோற்றுத் தட்டைப் பிடிக்க மாட்டான்.

ஆகவே மூன்று நேரத்துக்கு மூன்று சரக்கு. நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன், குடும்பத்தோடு வருபவர்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அது புட்டு, இடியப்பம், ஆணத்துக்கான நேரம். பாட்டு நடக்கும்போது கச்சான், சுண்டல், வடை, பாலைப்பழம் போன்ற ஒரு கையில் பிடித்துக் கொறிக்கக்கூடியவை மட்டும் ஓடும். இடைவேளையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள். அப்போது சர்பத், இளநீர், தேநீர். எல்லாம் முடிந்து திரும்புகிறவன் சூடான கொத்துரொட்டிக்கு நிற்பான். நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே ஏற்பாட்டாளர்களிடம் கேட்டு வாங்குங்கள். எத்தனை மணிக்கு எது என்று தெரிந்தால் அடுப்பை எப்போது மூட்டுவது என்பதும் தெரியும்.

ஒலிபெருக்கிக்கு அருகில் கடை கிடைத்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். வாடிக்கையாளர் கேட்பது உங்களுக்குக் கேட்காது, நீங்கள் சொல்லும் விலை அவருக்குக் கேட்காது. சற்றுத் தள்ளி, சனம் போகும் வரும் பாதையில், வெளிச்சமுள்ள இடமே நல்லது.

ஒரு சிறு கணக்கு

திருவிழாக் கடையில் நட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் விற்காமல் நட்டப்பட்டவர்கள் அல்ல. அளவுக்கு மீறிச் சமைத்து நட்டப்பட்டவர்கள். ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு தட்டுச் சாப்பாட்டுக்கு அடக்க விலை 300 ரூபாய், விற்கும் விலை 450 ரூபாய் என்று வைப்போம். இடவாடகை, மின்சாரம், உதவியாள் கூலி சேர்த்து அன்றைய செலவு 8,000 ரூபாய்.

100 தட்டுச் சமைத்து 80 தட்டு விற்றால் வரவு 36,000. செலவு 30,000 உடன் 8,000 சேர்ந்து 38,000. ஆக 2,000 ரூபாய் நட்டம். இதே வியாபாரி 80 தட்டு மட்டும் சமைத்து 80ஐயும் விற்றிருந்தால் செலவு 32,000. இலாபம் 4,000 ரூபாய். விற்பனை இரண்டிலும் ஒன்றுதான். மிஞ்சிய இருபது தட்டு 6,000 ரூபாயைத் தின்றுவிட்டது.

எனவே முழுவதையும் சமைத்து வைக்காமல், மாவாகவும் மரக்கறியாகவும் வைத்துக்கொண்டு, வரிசை நீள நீளச் சமையுங்கள். எட்டு மணிக்கே சரக்கு தீர்ந்தால் கவலை வேண்டாம். "நேற்றுத் தீர்ந்துவிட்டது" என்ற பேச்சே மறுநாள் கூட்டத்தைக் கொண்டுவரும். ஒரு திருவிழாவை நம்பி மீற்றர் வட்டிக்குக் கடன் எடுத்து முதல் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு நாள் மழை போதும், குடும்பமே தெருவுக்கு வர.

இடமறிந்து விற்பனை

கோயில் திருவிழாவில் கடை போடும் நமது சகோதரர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். சல்லி போன்ற ஆலய வளாகத்தை அண்டிய இடத்தில் மீனும் இறைச்சியும் கூடாது. கச்சான், தயிர், பழம், சர்பத், மரக்கறி ரொட்டி என்று எத்தனையோ இருக்கின்றன. ஆனால் மரக்கறி ரொட்டியை நேற்றுக் கொத்துப் போட்ட அதே கல்லில் சுடக் கூடாது. கல், கரண்டி, எண்ணெய் எல்லாம் வேறாக இருக்க வேண்டும். வெளியூரில் சாப்பிடப் போனால் ஹலால் விடயத்தில் கடைக்காரன் சொல்லை நம்பித்தான் நாம் கை நனைக்கிறோம். அதே நம்பிக்கையோடுதான் விரதம் இருக்கும் அடியார் நமது கடையில் கை நீட்டுகிறார். அந்த நம்பிக்கையை ஒரு முறை உடைத்தால் உடைவது ஒரு கடையின் பெயர் மட்டுமல்ல. பலகாலமாகப் பக்கத்துப் பக்கத்து ஊர்களாக வாழும் நமது சமூகத்தின் பெயரும்தான்.

சட்டமும் சுத்தமும்

பிரதேச சபையின் அனுமதியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் சம்மதமும் இல்லாமல் கடை போடாதீர்கள். விலைப் பட்டியல் எல்லோருக்கும் தெரியும்படி தொங்கட்டும். 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் விலையைக் காட்சிப்படுத்துவது நமது கடமை. அது சிங்களத்திலும் இருந்தால் பஸ்ஸில் வந்தவரின் தயக்கம் பாதி தீரும். 

2017 செப்டெம்பர் முதல் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிக்குத் தடை. 2023 ஒக்டோபர் முதல் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி, ஸ்ட்ரோவுக்கும் தடை. வாழையிலையும் பாக்கு மட்டைத் தட்டும் சட்டத்துக்கும் ஏற்றவை, கண்ணுக்கும் அழகு. நகரில் திரியும் மான்கள் சாப்பாட்டு வாசனைக்குப் பொலித்தீனைத் தின்று மடிவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கடை மூடும்போது குப்பைக் கூடையையும் கட்டிக்கொண்டு போகிற வியாபாரிக்கு அடுத்த ஆண்டு இடம் கேட்காமலேயே கிடைக்கும்.

கூடிச் செய்தால்

இவை எல்லாம் ஒரு கடை தனியாகச் செய்யக்கூடியவை. கடைகள் பத்துச் சேர்ந்தால் இன்னும் பெரிதாகச் செய்யலாம். சீசன் தொடங்குவதற்கு முன், பங்குனி மாதத்திலேயே, வர்த்தக சங்கத்தினர் ஒரு மாலை கூடி உட்காரட்டும். யார் என்ன பண்டம் செய்வது, ஒரே பண்டத்தை எத்தனை கடை போடுவது, தட்டுக்கு என்ன விலை, ஜெனரேட்டரையும் குடிநீரையும் எப்படிப் பகிர்வது என்று பேசி எழுதிக்கொள்ளட்டும். சல்லி மீனவரிடம் மீன், கிண்ணியாவில் தயிர், வீடுகளில் இருக்கும் பெண்களிடம் பலகாரம் என்று கொள்வனவையும் ஊருக்குள்ளேயே முடித்தால், திருவிழாவில் புரளும் ஒவ்வொரு நூறு ரூபாயும் வெளியேறுமுன் நாலு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத்தான் போகும்.

கச்சான் காற்று ஆண்டுதோறும் வீசும். சனமும் வரும். அண்டாவோடு வருபவரை வெறுங்கையோடு வரவைப்பது நமது விலைப் பலகையிலும், கல்லின் சுத்தத்திலும், தட்டில் வைக்கும் ஊர்ச் சாப்பாட்டிலும் இருக்கிறது. அடுத்த சீசனுக்கு இப்போதே ஆயத்தமாகுங்கள்.