வழிகாட்டி நாயாகப் போகும் குட்டிக்கு மெட்ரோவில் இடம் உண்டா? சட்டம் என்ன சொல்கிறது?

திருவொற்றியூரில் ஒருவர் லேப்ரடார் குட்டி வளர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னாளில் பார்வையற்ற ஒருவருக்கு வழிகாட்டப் போகும் குட்டி. கூட்டமும் அறிவிப்புச் சத்தமும் அதற்குப் பழக வேண்டும் என்று திருவொற்றியூர் தேரடி மெட்ரோ நிலையத்துக்கு அழைத்துப் போகிறார். “நாயை உள்ளே விட முடியாது சார்” என்கிறார் காவலாளி. சட்டம் யார் பக்கம்?

இப்போதைக்குக் காவலாளி பக்கம்தான்.

குட்டியிலேயே ஏன் பழக்க வேண்டும்?

இப்படிப்பட்ட குட்டிகள் பொதுவாக 8 வார வயதில் தன்னார்வலர் வீட்டுக்கு வரும். ஒரு வயதைத் தாண்டிய பிறகுதான் முறையான பயிற்சி. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தாலும், காசிமேட்டில் மீன் வாசனை இழுத்தாலும் கவனம் சிதறக் கூடாது. இதைத் தெருவிலேயே பழக்கிவிடலாம். ரயில், மருத்துவமனை, வங்கி, ஓட்டல் என்று வரும்போதுதான் சிக்கல்.

இந்தியாவில் என்ன நிலை?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பாகுபாட்டைத் தடை செய்கிறது. தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்துதரச் சொல்கிறது. சேவை நாய்களுக்கெனத் தனிப் பிரிவு அதில் இல்லை. ஆனாலும் நாயோடு வரும் பார்வையற்றவர் இந்தச் சட்டத்தைக் காட்டி வாதாடலாம். மாநில ஆணையரிடம் புகார் தரலாம்.

குட்டியை வளர்ப்பவருக்கு அந்த வழியும் இல்லை. அவர் மாற்றுத்திறனாளி அல்ல. குட்டி இன்னும் சேவை நாயும் அல்ல. விதிகளின் பார்வையில் அது வெறும் செல்லப்பிராணி. மெட்ரோவில் செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை. ரயிலில் பயணி தன்னோடு நாயை வைத்துக்கொள்ள ஏசி முதல் வகுப்பில் தனி கேபின் அல்லது கூபே வேண்டும். கும்மிடிப்பூண்டி லோக்கலில் அதற்கு எங்கே போவது?

வெளிநாடுகளில்?

அமெரிக்காவின் மத்தியச் சட்டம் பயிற்சி முடித்த நாய்களுக்கு மட்டுமே உரிமை தருகிறது. பயிற்சியில் இருக்கும் நாய்களை கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் தங்கள் சட்டத்தில் சேர்த்துக்கொண்டன.

தென் கொரியா இன்னும் தெளிவு. பயிற்சியாளரையும் தன்னார்வலரையும் சட்டத்திலேயே குறிப்பிட்டு, காரணமின்றித் தடுத்தால் அபராதம் என்கிறது. 2020 நவம்பரில் சியோலின் ஜாம்சில் லோட்டே மார்ட்டில் பயிற்சிக் குட்டியோடு வந்த தன்னார்வலரிடம் ஊழியர் கத்திய படம் பரவியது. கடைக்கு 20 லட்சம் வோன் அபராதம் விழுந்தது.

இப்போது என்ன செய்யலாம்?

மாநகராட்சி உரிமம், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று இரண்டையும் கையில் வைத்திருங்கள். கடையோ வங்கியோ, முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஆன்லைனில் வாங்கிய ‘சேவை நாய்’ அங்கியை மாட்டி ஏமாற்ற வேண்டாம். நாளை நிஜமான வழிகாட்டி நாயோடு வருபவரைத்தான் சந்தேகப்படுவார்கள்.

ஆனால் அனுமதி வேறு, உரிமை வேறு. அனுமதி காவலாளியின் மனசைப் பொறுத்தது. தென் கொரியா சேர்த்ததுபோல ‘பயிற்சியில் உள்ள நாய், அதை வளர்ப்பவர்’ என்ற சொற்கள் நம் விதிகளில் ஏறாதவரை, ரயிலையே பார்க்காத நாயை நம்பித்தான் பார்வையற்றவர் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டியிருக்கும்.