கழிச்சல் கண்ட கோழிக்குச் செய்ய வேண்டியவை

வெயில் ஏறத் தொடங்கினாலே ஊருக்கு ஊர் வெள்ளைக் கழிச்சல் பேச்சுத்தான். நேற்று மேய்ந்த கோழி இன்று சிறகைச் சிலிர்த்துக்கொண்டு தூங்கி விழும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால் இழுத்துக்கொள்ளும். ராணிக்கெட் என்னும் வைரஸ் நோய் இது. இதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. ஆன்டிபயாட்டிக் மாத்திரையை நாமே வாங்கி உடைத்துக் கொடுப்பதில் பயனில்லை. கூடச் சேரும் பாக்டீரியாத் தொற்றுக்குத்தான் மருத்துவர் அதை எழுதுவார். அப்படிக் கொடுத்தால், அவர் சொல்லும் நாள்வரை அந்தக் கோழியின் முட்டையை உண்ணக் கூடாது.

அதற்காகக் கைவிட்டுவிட வேண்டாம். நோய்ப்பட்டதை உடனே பிரித்துத் தனிப் பஞ்சாரத்தில், காற்று வீசாத கதகதப்பான இடத்தில் வையுங்கள். தண்ணீர் இழப்பே பாதி உயிரைக் கொண்டுபோகும். அலகின் ஓரத்தில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வாயைப் பிளந்து ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். நல்ல கோழிகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, கடைசியாக இதனிடம் போங்கள். பிறகு கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இந்த வைரஸ் மனிதருக்கும் கண் சிவப்பை உண்டாக்கும்.

எவ்வளவு பார்த்தும் போய்விடுகிற கோழிகள் உண்டு. "கோழிதானே" என்று சொல்பவர்களுக்கு அந்த வீட்டுப் பெண்ணின் சிறுவாட்டுக் காசு எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வந்த கோழிக்காக அழுகிற பிள்ளையை அதட்டாதீர்கள்; அழட்டும். செத்ததைக் குளத்திலோ குப்பையிலோ எறியாமல், நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். சாகப்போகிறதே என்று அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோவது அடுத்த வீட்டுக் கூட்டுக்கு நோயைக் கொடுப்பதுதான்.

திடீரெனப் பல கோழிகள் ஒன்றாகச் செத்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். வெறும் கையால் தொடாதீர்கள். பட்டியலிடப்பட்ட தொற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ சொல்வது 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமையாளரின் கடமை. அரசு உத்தரவால் அழிக்கப்படும் கோழிகளுக்கு இழப்பீடு உண்டு, முன்பே செத்தவற்றுக்குக் கிடையாது. மறைத்தால் நட்டம் நமக்கே. கால்நடை நடமாடும் ஊர்தியை அழைக்க 1962 என்ற எண் இருக்கிறது.

சாவுக்குக் காரணம் நோயல்ல, வேண்டுமென்றே யாராவது விஷம் வைத்ததுதான் என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் இதற்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

கழிச்சலைத் தடுக்க வழி இருக்கிறது. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையில் ஒரு தடுப்பூசி. தமிழக கால்நடைத் துறை இதற்கென இலவச முகாம்களும் நடத்துகிறது. நோய் வந்தபின் போட்டால் காப்பாற்றாது. வெயில் ஏறும் முன்பே பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் முகாம் தேதியைக் கேட்டு வையுங்கள்.