குதிரைக்குட்டி வாங்கப் போறீங்களா? சுழிக்கு முன்னாடி காலைப் பாருங்க!

ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தை ரொம்பப் பிரபலம். காணை, விழுப்புரம் பக்கமிருந்து அங்கே குட்டி வாங்கப் போறவங்க, நிறத்துக்கும் சுழிக்கும் முன்னாடி கவனிக்க வேண்டியது கால். காரணம், குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்கால்களில்தான் விழுகிறது.

எப்படிப் பார்ப்பது?

சமதரையில் நிறுத்தி, எதிரே நில்லுங்க. தோள் முனையிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டு விட்டால், நூல் முட்டி, கணுக்கால், குளம்பு மூன்றின் நடுவிலும் இறங்கணும். பக்கவாட்டில் பார்க்கும்போது முட்டி பின்னோக்கி வளைந்திருந்தால் உஷார்! ஓடும்போது முட்டி எலும்பில் சில்லு பெயரும் ஆபத்து அதிகம். அடுத்து நடக்கவிட்டுப் பாருங்க. குளம்பு நுனி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால், நடையில் ஒரு கால் மறுகாலில் இடிக்கலாம்.

'வளர்ந்தா சரியாயிடும்' என்பது உண்மையா?

பிறந்த சில மாதங்களுக்குள் என்றால் சிகிச்சையில் ஓரளவு திருத்தலாம். ஆனால் எலும்பு நீளமாக வளரும் பகுதி கணுக்காலருகே முதல் ஆண்டுக்குள்ளேயே மூடிவிடும். அதன்பின் அங்குள்ள கோணல் தானாக நிமிராது. சவாரி எடை ஏறும்போது வலியைச் சுமப்பது குதிரைதான்.

அதனால் பல்லைப் பார்த்து வயதை உறுதி செய்யுங்க. முன்பணம் கொடுப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிடுங்க.