எட்டு மாதத்தில் வேர்விட்ட சபை

மட்டக்களப்பு நகரத்தின் இதயம் ஒரு தீவு. புளியந்தீவு என்று பெயர். சுற்றிலும் வாவி. 1628-ல் போர்த்துக்கீசர் கட்டத் தொடங்கி, பத்தே ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை அதன் ஒரு மூலையில் நிற்கிறது. தண்ணீரோரம் ‘மட்டக்களப்பு வாயில்’ இருக்கிறது. சாலையும் பாலமும் இல்லாத காலத்தில் ஊருக்குள் வருகிறவர்கள் படகை விட்டு இறங்கிய துறை அது. அதன் அருகே ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரின் சிலையை வைத்திருக்கிறார்கள். அவர் பெயர் வில்லியம் ஓல்ட். இந்த ஊரில் அவர் வாழ்ந்தது எட்டு மாதம்கூட நிறையவில்லை. இரண்டு நூற்றாண்டுகளாக ஊர் அவரை மறக்கவும் இல்லை.

ஓல்ட் தனியாகப் புறப்பட்டு வந்தவரல்லர். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வலக்கையாக இருந்தவர் தாமஸ் கோக் என்ற வேல்ஸ் நாட்டுக்காரர். கீழைநாடுகளில் மெதடிஸ்த ஊழியம் தொடங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. செலவுக்குப் பணமில்லை என்று சபைப் பெரியவர்கள் தயங்கியபோது, தம் சொந்தச் சொத்திலிருந்து ஆறாயிரம் பவுண்டு தருவதாக எழுந்து சொன்னார். 1813 டிசம்பர் இறுதியில் கோக், ஓல்ட் உள்ளிட்ட குழுவின் பயணம் இரண்டு கப்பல்களில் தொடங்கியது. வழியிலேயே ஓல்டின் மனைவி இறந்துபோனார். 1814 மே 3-ஆம் நாள் காலை, கோக் தம் அறைத் தரையில் உயிரற்றுக் கிடந்தார். உடலை இந்தியப் பெருங்கடலில் இறக்கினார்கள். தலைவரும் போய், அவர் பெயரில் இருந்த பண ஏற்பாடும் பயனற்றுப்போன நிலையில், எஞ்சியவர்கள் ஊர் பேர் தெரியாத இளைஞர்களாகப் பம்பாயில் கரை இறங்கினார்கள். அங்கே ஓர் ஆங்கில வணிகர் நம்பிக்கை வைத்துக் கடன் கொடுத்திராவிட்டால் இந்தக் கதை அத்தோடு முடிந்திருக்கும்.

ஜூன் இறுதியில் அவர்களில் ஐந்து பேர் இலங்கையின் காலிக்கு வந்து சேர்ந்தார்கள். யார் எங்கே போவது என்று அடுத்த மாதம் கூடிப் பேசினார்கள். கிளஃப் காலியிலேயே தங்கினார். எர்ஸ்கினுக்கு மாத்தறை. லிஞ்ச், ஸ்குவான்ஸ் இருவருக்கும் யாழ்ப்பாணம். மட்டக்களப்பு ஓல்டின் பங்கில் விழுந்தது. மனைவியைக் கடலுக்குக் கொடுத்து ஆறு மாதம் ஆகாத மனிதர், துணைக்கு ஒருவரும் இல்லாமல் கிழக்குக் கரைக்குக் கப்பலேறினார். கப்பல் என்பதுகூடப் பெரிய சொல். அவர் போனது தோணியில். அந்தக் காலத்து ஆங்கிலக் குறிப்புகளும் அதைத் தோணி என்றே எழுதுகின்றன. ஆகஸ்டில்தான் மட்டக்களப்பு வந்து சேர்ந்தார்.

வந்தவர் முதலில் கையில் எடுத்தது பள்ளிக்கூடம். ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகளுக்கு ஆளுநர் பிரவுன்ரிக்கின் ஆதரவு இருந்தது. அந்த எட்டு மாதத்துக்குள் எட்டுப் பள்ளிகளைத் தொடங்கினார் என்பது சபையார் பெருமையோடு சொல்லும் கணக்கு. 1815 ஏப்ரல் 1-ஆம் நாள் நோயில் இறந்தார்.

ஒரே ஆளை நம்பிய முயற்சி அந்த ஆளோடு புதைந்துபோவதுதான் வழக்கம். இங்கே அப்படி ஆகவில்லை. அதற்கான பெருமையைப் பின்னால் வந்த பாதிரிமாருக்கு மட்டும் கொடுத்துவிட முடியாது. சொல்லிக்கொடுத்த உள்ளூர் ஆசிரியர்களும், வேற்றுச் சமயத்தாரின் பள்ளிக்குத் துணிந்து பிள்ளையை அனுப்பிய தாய் தகப்பன்மாரும் அதில் சமபங்குக்காரர்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஓல்டின் தொடக்கத்திலிருந்து வளர்ந்ததுதான் மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி. தன் பிறந்த ஆண்டை 1814 என்றே அது எண்ணுகிறது. மெதடிஸ்தர் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி இன்று வின்சென்ட் மகளிர் உயர்தரப் பாடசாலை.

சபையின் உள்வாழ்க்கை சிறு குழுக்களில் நடந்தது. வெஸ்லி வகுத்த முறை அது. பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு ‘வகுப்பு’, அதற்கு ஒரு தலைவர். வாரந்தோறும் கூடி, அவரவர் மனநிலையை ஒளிக்காமல் பேச வேண்டும். வந்தவர் யார், வராதவர் யார் என்று தலைவர் தம் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு கிடைக்கும். உள்ளங்கையில் அடங்கும் அட்டை. அச்சிட்ட ஒரு வேதவசனம், காலாண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து, கையால் எழுதிய பெயர். நம்பிக்கைக்கு அடையாளமாக ஒரு மனிதரின் பெயரை மையில் எழுதிக் கொடுத்த சபை இது. புத்தாண்டு பிறந்ததும் நடக்கும் உடன்படிக்கை ஆராதனையும் அதே வழியில் வந்ததே. வேலை கொடுத்தாலும் ஒதுக்கி வைத்தாலும் உமக்கே சொந்தம் என்று எல்லோரும் சேர்ந்து கடவுளிடம் ஒப்புக்கொடுக்கும் வழிபாடு அது.

பள்ளியில் படித்தவர்கள் எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றுவிடவில்லை. சைவப் பிள்ளைகள் படித்தார்கள். சைவராகவே வீடு திரும்பினார்கள். காரைதீவில் பிறந்து கல்முனை மெதடிஸ்தப் பள்ளியில் படித்த ஒரு சிறுவன்தான் பின்னாளில் சுவாமி விபுலாநந்தராகி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். யாழ் நூலும் தந்தார். யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். மெதடிஸ்தப் பாதிரியார் பீட்டர் பெர்சிவலிடம் படித்து, அவரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி திறந்தார். மிஷன் ஏற்றிய விளக்கில் தன் விளக்கை ஏற்றிக்கொண்டு, தன் சமயத்தின் பாதையிலேயே நடக்கத் தமிழ்ச் சமூகத்துக்குத் தெரிந்திருந்தது. மிஷன் வரலாறுகள் இதைத் தோல்விக் கணக்கில் எழுதிவைத்ததுண்டு. ஊரின் கண்ணால் பார்த்தால் அந்தப் பள்ளிகள் செய்த மிகப் பெரிய நன்மை இதுதான்.

1960-61-ல் இலங்கை அரசு உதவிபெறும் பள்ளிகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மத்திய கல்லூரியும் அரசுப் பள்ளியானது, பெயர் மட்டும் மாறாமல். 1964-ல் இலங்கை மெதடிஸ்த திருச்சபை பிரிட்டிஷ் சபையிலிருந்து பிரிந்து தன்னாட்சி பெற்றது. 1978 நவம்பர் சூறாவளி, நீண்ட போர், 2004 ஆழிப்பேரலை என்று ஊர் பட்டதையெல்லாம் சபையும் சேர்ந்தே பட்டது.

இலங்கையில் வேர்விட்ட இந்த ஊழியம் இலங்கையோடு நிற்கவுமில்லை. யாழ்ப்பாணத்துக்குப் போன லிஞ்ச் 1817-ல் சென்னைக்கு அழைக்கப்பட்டார். இந்தியாவில் வெஸ்லியன் மிஷன் தொடங்கியது அப்படித்தான். மட்டக்களப்பில் 1840-களில் ஊழியம் செய்தவர் ரால்ஃப் ஸ்டாட். உள்நாட்டுக் காட்டு வேடர்களைத் தேடிப் போனவர். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள டர்பன் துறையில் இறக்கியது. கரும்புத் தோட்டங்களில் தமிழ் பேசும் அந்த மக்களோடு அவர்கள் மொழியிலேயே பேசத் தெரிந்த பாதிரியார் வேண்டுமென்று மிஷன் தேடியது. அறுபது வயதை ஒட்டியிருந்த ஸ்டாட்டையே அனுப்பினார்கள். வாவிக்கரையில் எழுத்துக்கூட்டிக் கற்ற தமிழோடு அவர் நேட்டால் தோட்டங்களுக்குள் நடந்தார். அவருக்குப் பின் அந்த ஊழியத்தை ஏற்று நடத்தியவர் அவருடைய மகன்.