கொள்ளைநோயும் காதல் நாடகமும்

ஒரு கடிதம் உரிய காலத்தில் உரியவர் கையிற் சேர்ந்திருந்தால், இரண்டு இளம் உயிர்கள் பிழைத்திருக்கும். அக்கடிதத்தை வழிமறித்தது பகைவர் வாள் அன்று, கொள்ளைநோய். ஷேக்ஸ்பியர் இயற்றிய 'ரோமியோவும் ஜூலியட்டும்' என்னும் நாடகத்தைக் கற்போர் பலர் இவ்வுண்மையை மறந்துவிடுகின்றனர். குடிப்பகையே காதலரைக் கொன்றது என்பர். பகை அவர்களைப் பிரித்தது உண்மையே. ஆயினும் மீண்டும் சேரும் வழியை அடைத்தது நோயச்சமே ஆகும்.

இத்தாலி நாட்டு வெரோனா நகரில் மாண்டேகு, காபுலெட் என்னும் இரு குடும்பங்கள் தீராப் பகை கொண்டிருந்தன. ஒரு குடும்பத்து இளைஞன் ரோமியோ. மற்றொரு குடும்பத்து மங்கை ஜூலியட். இருவரும் காதலித்து மறைவில் மணந்தனர். இடையே மூண்ட பூசலில் ரோமியோவின் நண்பன் மெர்குஷியோ மடிந்தான். இரு குடும்பங்களையும் கொள்ளைநோய் கொண்டு போகட்டும் எனச் சபித்துவிட்டே அவன் உயிர் துறந்தான். அவனைக் கொன்றவனை ரோமியோ கொன்று, நாடு கடத்தப்பட்டு, மாந்துவா நகர் சேர்ந்தான். வேறொருவனை மணக்குமாறு பெற்றோர் வற்புறுத்தவே, ஜூலியட் லாரன்சு என்னும் துறவியை நாடினாள். இறந்தவர்போல் உறங்கச் செய்யும் மருந்து ஒன்றை அவர் அவளுக்கு அளித்தார். இச்சூழ்ச்சியை விளக்கி ரோமியோவுக்கு எழுதிய கடிதத்தை ஜான் என்னும் துறவியிடம் கொடுத்தனுப்பினார்.

ஜான் வழித்துணை வேண்டி, நோயாளரைப் பார்க்கச் சென்றிருந்த மற்றொரு துறவியைத் தேடினார். இருவரும் நோய் புகுந்த வீட்டில் இருந்தனர் என ஐயுற்ற நகரக் காவலர், கதவுகளை முத்திரையிட்டு அவர்களை உள்ளே அடைத்தனர். தொற்றுக்கு அஞ்சிக் கடிதத்தைத் தொடவும் எவரும் துணிந்திலர். மனைவி இறந்தாள் என்ற பொய்ச்செய்தி மட்டும் ரோமியோவை எட்டியது. அவன் கல்லறையில் நஞ்சுண்டு மாண்டான். கண்விழித்த ஜூலியட் அவனது குத்துவாளால் தன்னை மாய்த்துக்கொண்டாள்.

இக்கதையை ஷேக்ஸ்பியர் 1562ஆம் ஆண்டில் ஆர்தர் புரூக் வெளியிட்ட நெடும்பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். அதில் துறவி அடைபடுவது மாந்துவா நகரத்து மடத்தில். கவிஞரோ அந்நிகழ்ச்சியை வெரோனாவுக்கு மாற்றி, காவலரையும் முத்திரையிட்ட கதவையும் சேர்த்தார். அவை அக்காலத்து இலண்டன் மாநகரம் நன்கு அறிந்த காட்சிகள் அல்லவா?

கவிஞர் பிறந்த 1564ஆம் ஆண்டிலேயே அவரது ஊராகிய ஸ்டிராட்போர்டில் பிளேக் என்னும் கொள்ளைநோய் புகுந்தது. பின்னர் 1592 முதல் 1594 வரை இலண்டனை அந்நோய் வாட்டியது. மக்கள் கூடுமிடத்தில் நோய் பரவும் என்று கருதி, அரசினர் பெரும்பாலும் நாடக அரங்குகளை மூடியே வைத்தனர். அக்காலத்தில் ஷேக்ஸ்பியர் இரு நெடும்பாடல்களை இயற்றி வெளியிட்டார். அரங்குகள் மீண்டும் திறந்தபின், 1595ஆம் ஆண்டையொட்டி இந்நாடகம் பிறந்தது என்பர். 1597இல் இது முதன்முதல் அச்சேறியபோது, பன்முறை நடிக்கப்பெற்றுப் பாராட்டுப் பெற்ற நாடகம் என்ற குறிப்பை முகப்பில் தாங்கி வந்தது. அக்கால வழக்கப்படி ஜூலியட்டாக நடித்தவன் ஒரு சிறுவனே.

1642 முதல் 1660 வரை அரசியல் காரணங்களால் இங்கிலாந்தில் நாடகம் தடை செய்யப்பட்டிருந்தது. தடை நீங்கியபின் 1662இல் இந்நாடகம் மீண்டும் மேடையேறியது. அதனைக் கண்ட சாமுவேல் பெப்பிஸ், தாம் கேட்ட நாடகங்களுள் இதுவே மிக மோசமானது எனத் தம் நாட்குறிப்பில் எழுதினார்! காதலர் இறப்பதைப் பொறாத ஒருவர், அவர்கள் பிழைத்து வாழ்வதாகவும் முடிவை மாற்றினார். ஒருநாள் துன்ப முடிவும், மறுநாள் இன்ப முடிவுமாக நாடகம் நடந்ததாம். 1665இல் பெருங்கொள்ளைநோய் வந்து அரங்குகளை மறுபடியும் மூடியது.

1748இல் புகழ்பெற்ற நடிகர் டேவிட் காரிக், ரோமியோ இறக்குமுன் ஜூலியட் விழித்துப் பேசுமாறு திருத்தியமைத்தார். 1750இல் டுரூரி லேன் அரங்கில் காரிக்கும், கோவென்ட் கார்டன் அரங்கில் ஸ்பிரேஞ்சர் பாரியும் ஒரே இரவுகளில் ரோமியோவாக நடித்துப் போட்டியிட்டனர். வேறு நாடகம் காண வழியின்றிச் சலிப்புற்ற நகரத்தார், மெர்குஷியோவின் சாபத்தை இரு அரங்குகளுக்கும் உரியதாக்கி நகையாடினர். 1845இல் அமெரிக்க நடிகை சார்லட் குஷ்மன், தாமே ரோமியோவாகவும் தம் தங்கை ஜூலியட்டாகவும் நடித்து, கவிஞரின் மூலச் சொற்களைப் பெரும்பாலும் மேடைக்கு மீட்டுத் தந்தார். 1935இல் ஜான் கீல்கட்டும் லாரன்ஸ் ஒலிவியரும் ரோமியோ, மெர்குஷியோ ஆகிய வேடங்களை மாறி மாறிப் புனைந்து புகழ் பெற்றனர்.

2020ஆம் ஆண்டில் கொரோனா என்னும் கொள்ளைநோய் உலகைச் சூழ்ந்தபோது, இலண்டன் அரங்குகள் மீண்டும் அடைபட்டன. அங்குள்ள தேசிய நாடக அரங்கம் மேடையேற்றக் கருதியிருந்த இந்நாடகமும் நின்றது. ஆயினும் கலைஞர் சோர்ந்திலர். பார்ப்போர் ஒருவருமின்றி வெறிதே கிடந்த அரங்கில் நாடகத்தைப் படமாக்கினர். 2021இல் மக்கள் அதனைத் தத்தம் இல்லங்களில் தொலைக்காட்சி வாயிலாகக் கண்டனர்.

கதவை அடைத்த காவலர் கொடியவர் அல்லர். அவர்கள் ஊரைக் காக்கவே முயன்றனர். நோய்க் காலத்தில் கதவடைத்தல் உயிர் காக்கும் நெறியே. ஆனால் அடைத்த கதவுக்கு அப்பாலும் இப்பாலும் இருப்போர்க்கிடையே உண்மைச் செய்தி செல்ல வழி வேண்டும். வெரோனாவில் அவ்வழி இல்லை, காதலர் மாண்டனர். பிற்கால இலண்டன் கலைஞர் அவ்வழியைக் கண்டனர், கலை வாழ்ந்தது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்நாடகம் நமக்கு உணர்த்திவரும் பாடம் இதுவே எனலாம்.